‘விசுவாசம் பத்தலை’ என்ற பேச்சை நிறுத்துங்கள்

பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார் அந்த அம்மா. முதல் அட்டையில் நாலைந்து மாத்திரைதான் காலியாகியிருந்தது. மற்ற அட்டைகளில் கையே வைக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்து மாதக்கணக்கில் ஆகிறது.

“ஏனுங்கம்மா, நிறுத்திட்டீங்களா?”

“ஜெபக் கூட்டத்துல ஒரு சிஸ்டர் சொன்னாங்க கண்ணு. மாத்திரையும் முழுங்கி ஜெபமும் பண்ணினா கர்த்தரை முழுசா நம்பலைன்னு அர்த்தமாம். எனக்கு விசுவாசம் பத்தாததாலதான் இத்தனையும் வந்துச்சாம்.”

இத்தனையும் என்று அவர் சொன்னது என்னவென்றால், கணவர் திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் சில வைத்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்துகொண்டிருந்தவர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் பெரிய கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தது, இவர்களுக்கு வேலையே நின்றது. மெஷின்களை விற்றும் வட்டி அடைபடவில்லை. அப்புறம் கணவருக்குப் பக்கவாதம். மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் கைவிட்டுப்போனது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டிருந்தவரிடம்தான் ‘உனக்கு விசுவாசம் பத்தலை’ என்று சொல்லியிருக்கிறார்கள். சர்ச்சுக்குப் போகிறாரா என்று கேட்டேன். “போறதில்லைங்க. உள்ள நுழைஞ்சா எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கற மாதிரி இருக்குது.”

(ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றியிருக்கிறேன். கவுன்சலிங்கில் இது கட்டாயம். நம் சபைகளில் ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் ஒருவர் வீட்டு விஷயத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோமே, அதற்கும் இதே கட்டாயம் வந்தால் நல்லது.)

நான் கோவையில் ஒரு மருத்துவமனையில் கவுன்சலராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்காருகிறவளும்கூட. வியாபாரம் நொடித்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புற்றுநோய் என்று ரிப்போர்ட் வாங்கிய கையோடு வருகிறவர்கள் எல்லாரையும் பார்க்கிறேன். இவர்களில் கஷ்டத்தைத் தாங்க முடியாமல் கர்த்தரை விட்டவர்கள் குறைவு. கஷ்ட நேரத்தில் சபையார் சொன்ன வார்த்தையைத் தாங்க முடியாமல் விட்டவர்கள்தான் அதிகம். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கொங்குப் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் கோயம்புத்தூரில் வேலை தொடங்கியது 1830ல். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. ஆனால் அப்பா காலத்திலோ தன் காலத்திலோ விசுவாசத்துக்கு வந்தவர்களும் அதே அளவுக்கு என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய பங்காளிகள், ஒரம்பரை எல்லாரும் வேறு நம்பிக்கையில் இருப்பார்கள். வீட்டில் ஒரு அடி விழுந்தால், “குலதெய்வத்தை விட்டுட்டுப் போனீங்கல்ல, சாமி குத்தம்” என்று ஊர்ப் பக்கத்திலிருந்து முதல் போன் வரும். அதைக் கேட்டு நொந்து சர்ச்சுக்கு வந்தால், “ஏதோ மறைவான பாவம் இருக்கு பிரதர், அறிக்கை பண்ணுங்க” என்று இங்கே சொல்வார்கள். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. கஷ்டம் என்பது தண்டனை, நீ ஏதோ தப்புச் செய்திருக்கிறாய், அபராதம் கட்டினால் சரியாகும். சொந்தக்காரர்கள் சொல்வதை அவர்கள் நம்பிக்கைப்படி சொல்கிறார்கள், அதைப் பற்றி நான் பேசவில்லை. சிலுவையில் அறையப்பட்டவரைக் கும்பிடுகிற நாம் எப்படி இதைச் சொல்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் தென்னைக்கு வேர் வாடல் நோய் வந்தால், தோப்புக்காரரிடம் போய் ‘நீ என்ன பாவம் பண்ணினாய்’ என்று யாராவது கேட்கிறோமா? மனிதன் வாடினால் மட்டும் ஏன் கேட்கிறோம்?

வேதத்தில் இருக்கிறது என்பார்கள். சரி, வேதத்தையே எடுத்துக்கொள்வோம்.

சொத்து, பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் இழந்தவர் யோபு. அவரைப் பற்றிக் கர்த்தரே நற்சான்று கொடுத்துவிட்டுத்தான் கதை தொடங்குகிறது. உத்தமன், சன்மார்க்கன் என்று முதல் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. ஆக, பாவத்தால் வந்த கஷ்டம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இது வாசிக்கிற நமக்குத் தெரியும், அவருடைய நண்பர்களுக்குத் தெரியாது. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் வந்து ஏழு நாள் இராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்தார்கள். கவுன்சலிங் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுகிற இடம் அது. அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள், மனந்திரும்பினால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். பக்தியான பேச்சுதான், இன்றைக்கும் பல கூட்டங்களில் கைதட்டல் வாங்கக்கூடிய பேச்சு. கடைசியில் கர்த்தர் யார்மேல் கோபப்பட்டார்? புலம்பித் தீர்த்து, சண்டை போட்டு, தான் பிறந்த நாளையே சபித்த யோபுவின்மேல் இல்லை. இந்த மூன்று பேர்மேல்தான். யோபு பேசியதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42ஆம் அதிகாரத்தில் வருகிறது. யோபு உங்களுக்காக ஜெபம் பண்ணட்டும் என்று அவர்களையே அவரிடம் அனுப்பிவைக்கிறார்.

பழைய ஏற்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் யோவான் 9ஐப் பாருங்கள். பிறவிக் குருடனைக் கண்டதும் சீஷர்கள் கேட்ட முதல் கேள்வியே ‘யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா’ என்பதுதான். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு முடித்துவிடுகிறார். லூக்கா 13ல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த சம்பவம் வருகிறது. எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்கிறார்.

அடுத்து, ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று இயேசு சொன்னாரே’ என்பார்கள். சொன்னார். சுகமானவர்களைப் பார்த்து, மெச்சிச் சொன்னார். தன்னிடம் வந்த நோயாளி ஒருவரையாவது ‘உனக்கு விசுவாசம் போதாது, போய்விட்டு வா’ என்று திருப்பி அனுப்பினாரா? நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப் பாருங்கள். அவிசுவாசம் என்று கண்டித்துச் சொன்ன ஒரு முக்கியமான இடம் மத்தேயு 17. சந்திரரோகியான, அதாவது வலிப்பு வருகிற பையனைச் சீஷர்களால் குணமாக்க முடியவில்லை. எங்களால் ஏன் முடியவில்லை என்று தனியாக வந்து கேட்டபோது, உங்கள் அவிசுவாசத்தினாலேதான் என்றார். யாரிடம் சொன்னார்? ஜெபம் பண்ணப் போனவர்களிடம். பையனிடமோ தகப்பனிடமோ இல்லை. அந்தத் தகப்பன் மாற்கு 9ல் பேசுவதைக் கேளுங்கள். ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்’ என்கிறான். பாதி நம்பிக்கை, பாதி பயம். அழுதுகொண்டே சொல்கிறான். பையன் குணமானான்.

யாக்கோபு 5ஐயும் காட்டுவார்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும். இன்னொரு முறை நிதானமாக வாசியுங்கள். அங்கே விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டியவர்கள் மூப்பர்கள். படுத்திருப்பவர் செய்யவேண்டியது கூப்பிடுவது மட்டும்தான். அந்தப் பாரத்தைத் தூக்கிப் படுத்திருப்பவர் நெஞ்சில் வைக்கிறோமே, எந்த வசனத்தை வைத்து?

பவுலுக்கு ஒரு முள் இருந்தது, மாம்சத்தில் ஒரு முள் என்று தன் தீராத வேதனையை அவரே அப்படித்தான் சொல்கிறார். மூன்று முறை வேண்டிக்கொண்டார், எடுக்கப்படவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது. கூட ஊழியம் செய்த துரோப்பீமு வியாதிப்பட்டிருந்ததால் மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்ததை எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வருகிற வயிற்றுக் கோளாறுக்கு அந்தக் காலத்துக் கைவைத்தியம் சொல்லிக் கொடுக்கிறார், விசுவாசத்தைக் கூட்டிக்கொள் என்று எழுதவில்லை. பவுல்கூடவே பயணம் போன லூக்கா, பிரியமான வைத்தியன் என்று அவராலேயே அழைக்கப்பட்டவர். இத்தனை பேருக்கும் விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லத் துணிகிற பாஸ்டர் யாராவது இருந்தால் அவரிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. என் அறைக்கு வருகிறவர்களிடம் மனச்சோர்வைப் பற்றி, சிகிச்சையைப் பற்றிப் பேசினால் புரிந்துகொள்கிறார்கள். இந்த ஒரு குற்ற உணர்ச்சியைத்தான் கிளப்பி எடுக்க முடிவதில்லை. டாக்டர் சொல்வது ஒரு காதில் விழும், ‘பாவம் பண்ணிட்டேன் போல’ என்பது நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 55 வயதும் அதற்கு மேலும் ஆன உள்நோயாளிகள் 596 பேரை இரண்டு வருடம் கவனித்து 2001ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ, அவருக்கு என்மேல் அன்பு இல்லையோ, இது பிசாசின் வேலையோ என்று உழன்றுகொண்டிருந்தவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாகத் தெரிந்தது. அந்த எண்ணம்தான் கொன்றது என்று ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் நோயில் கிடக்கிற ஒருவர் மனத்தில் அந்த எண்ணத்தை நாமே கொண்டுபோய் வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, அழுகை. ‘அழாதீங்க, ஸ்தோத்திரம் பண்ணுங்க’ என்று துக்க வீட்டிலேயே சொல்கிறார்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று 13ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரை ஒரு ஆறுதல் வரி கிடையாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர் என்ற முறையீட்டோடு முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே, எதற்கு? அந்த நிலையில் இருப்பவனும் ஜெபிக்க வேண்டாமா? லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வியை நம் சபையில் ஒரு விதவை கேட்டால் மட்டும் எப்படி அவிசுவாசம் ஆகிறது?

எலியா தீர்க்கதரிசியின் கதையை டாக்டர்களுக்கும் சொல்வேன், பாஸ்டர்களுக்கும் சொல்வேன். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். இரண்டாம் தரமும் வந்து எழுப்பி, சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கும் பிறகு, பல நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். தூக்கமும் சாப்பாடும் இல்லாதவரிடம் வசனம் சொல்லிப் பயனில்லை என்பதை நாங்கள் வார்டில் தினம் பார்க்கிறோம்.

மாத்திரைக்கு வருவோம், இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனம் இருண்டே கிடந்தால், தூக்கம் கெட்டு விடியற்காலையில் முழிப்பு வந்தால், பசி போனால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் இப்படி வரும், முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். ‘ஆவிக்குரிய வறட்சி’ என்று அனுப்பப்பட்டு வந்தவர்களுக்குத் தைராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் முகம் தெளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும், நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. தலைசுற்றல் வரும், தூக்கம் கெடும், நோயும் திரும்பும். மனநிலை ஏறி இறங்குவதற்குக் கொடுக்கிற லித்தியம் போன்ற மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தினால் இன்னும் மோசம். உபவாசம் இருக்க விரும்பினால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு இருங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

மருந்தும் ஜெபமும் சண்டைக்காரர்கள் என்ற எண்ணம் நம் ஊரில் எப்படி வந்தது என்றே எனக்குப் புரியவில்லை. ஈரோட்டில் சர்ச் வைத்த அதே மிஷன்தான் ஆஸ்பத்திரியும் வைத்தது. 1955ல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர்கள் விசுவாசத்தினால்தான் அந்தப் பொட்டல்காட்டுக்கு வந்தார்கள். ஜெபித்துவிட்டு ஆபரேஷனுக்குப் போன கைகளால் பிறந்தவர்கள், பிழைத்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள்.

இனி, கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு.

உங்களால் ஜெபிக்க முடியவில்லை என்றால், முடியவில்லை என்பதையே சொல்லுங்கள், அதுவே ஜெபம்தான். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு டிரைவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். பரமண்டல ஜெபத்தில் ‘உம்முடைய சித்தம்’ என்ற வரி வந்ததும் அவருக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவார். அவர் மனைவிக்கு அதுவே பெரிய பயம், மனுஷன் பின்வாங்கிட்டாரு என்று. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள் அண்ணா, ‘அன்றன்றுள்ள ஆகாரம்’ உங்களுக்குத் தேவைதானே, அங்கிருந்து சொல்லுங்கள் என்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வரி விட்டு ஜெபித்தபடி ரொம்ப நாள் இருந்தார். சுற்றி இருந்தவர்கள் அந்த வரியைச் சொல்வார்கள், அவர் அதைத் தாண்டிப் போவார். பிறகு ஒருநாள் அந்த வரியும் தானாக வந்துவிட்டது என்றார். எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, நானும் துருவவில்லை.

ஆராதனைக்குப் போவதை அடியோடு நிறுத்தாதீர்கள், இது என் கெஞ்சல். பாட முடியாவிட்டால் பாட வேண்டாம். கடைசியில் போய் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லும்முன் எழுந்து வந்துவிடுங்கள். கைகுலுக்கி விசாரிக்கிறவர்களைச் சந்திக்கத் தெம்பு இல்லாதபோது அது ஒன்றும் பாவமில்லை. அந்தச் சபைதான் காயப்படுத்தியது என்றால் கொஞ்ச காலம் வேறு சபையில் போய் உட்காருங்கள். மாற்கு 2ல் திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் முடங்கிக் கிடந்தவனை, நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது ‘அவர்கள் விசுவாசத்தை’ என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அங்கே ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை. உங்களுக்கு நம்ப முடியாத நாட்களில் உங்களைத் தூக்கிக்கொண்டு போக யாராவது இருந்தால் தூக்கிக்கொண்டு போகட்டும், விடுங்கள்.

புதுவருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பீரோவில் ஒட்டிவைத்துவிட்டு, டிசம்பர் வந்ததும் ‘இது எனக்கு நடக்கலையே’ என்று உடைந்துபோகிறவர்கள் வருடாவருடம் வருகிறார்கள். அந்த வசனம் உண்மைதான். ஆனால் குலுக்கி எடுத்த அட்டை உங்கள் கடன் இந்த வருடம் அடையும் என்பதற்குப் பத்திரம் ஆகாது. கர்த்தரோடு பேரம் பேசித் தொடங்கிய விசுவாசம் பேரம் படியாத நாளில் நிற்காது. ஆபகூக் தீர்க்கதரிசி, அத்திமரம் துளிர்விடாமல், மந்தையில் ஆடுமாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். அதையும் அவர் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. எதுவரைக்கும் என்று புத்தகத்தின் ஆரம்பத்தில் முறையிட்டுவிட்டு, கடைசி அதிகாரத்தில்தான் அங்கே வந்து சேர்கிறார்.

கடனில் இருக்கும்போது ‘விதைக் காணிக்கை’ என்று கேட்கிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். பாதி விதைத்தால் பத்து மடங்கு வரும் என்று சொல்லித் தாலிக்கொடியை அடகு வைக்கச் செய்தவர்களை எனக்குத் தெரியும். காணிக்கை நல்லது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பிள்ளையின் பீஸுக்கும் கணவரின் மருந்துக்கும் வைத்திருக்கும் பணத்தைத் தேவன் கேட்பதில்லை. பெரிய துக்கம் நடந்த கொஞ்ச நாளில் வீட்டை விற்பது, வேலையை விடுவது, ஊழியத்துக்குப் போகிறேன் என்று பொருத்தனை பண்ணுவது எதையும் செய்யாதீர்கள். தள்ளிப்போட முடிந்ததையெல்லாம் தள்ளிப்போடுங்கள்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களே, கொஞ்சம் பேச்சைக் குறையுங்கள். ‘எல்லாம் நன்மைக்கே’ என்பதை அவர்களாகச் சொல்லும்போது ஆமென் போடுங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ‘உங்களைவிட அவங்களுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா’ என்ற கதை வேண்டாம். ‘கர்த்தருக்குப் பிரியமானவங்களைச் சீக்கிரம் கூட்டிக்கிறார்’ என்று குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்லாதீர்கள், அவள் கர்த்தரைப் பார்த்துப் பயந்துபோவாள். ரசமும் சாதமும் கொண்டுபோய்க் கொடுங்கள். கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப்போய் வாருங்கள். பேங்குக்குப் போக, வக்கீலைப் பார்க்கக் கூடப் போங்கள். முதல் வாரம் வீடு நிறைந்திருக்கும், ஒவ்வொருவராகக் குறைந்து மூன்றாம் மாதம் ஒருவரும் வர மாட்டார்கள். அப்போது போங்கள். வருட நினைவு நாளில் ஒரு போன் பண்ணுங்கள்.

பாஸ்டர்களுக்கு, மரியாதையோடு. சாட்சி நேரத்தில் ‘கஷ்டப்பட்டேன், ஜெபித்தேன், கிடைத்தது’ என்ற சாட்சிகளை மட்டுமே மேடையேற்றுகிறீர்கள். கிடைக்காதவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் கிடைக்கவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன் என்பவரையும் ஒருநாள் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள், அதைக் கேட்டு எத்தனை பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். 88ஆம் சங்கீதத்தின்மேல் வருடத்துக்கு ஒரு பிரசங்கமாவது பண்ணுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மனநல டாக்டரின் நம்பரைப் போனில் வைத்திருங்கள், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, உங்கள் ஜெபக்குழுவில் யாருக்கும் இல்லை என்று சபையில் ஒருமுறை அறிவிப்பாகவே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

யாராவது சாக வேண்டும் போல இருக்கிறது என்று உங்களிடம் சொன்னால், அந்த எண்ணமே பாவம், நரகம் என்று பயமுறுத்தாதீர்கள். பயந்தவர் அடுத்த முறை சொல்ல மாட்டார், மறைத்துக்கொள்வார். சொன்னதே நல்லது என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகிவிடாது. அன்றைக்குத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், நாளைக்கு ஜெபக் கூட்டம் முடியட்டும் என்று வைக்காதீர்கள்.

அந்த அம்மாவை மறுபடி டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன், மாத்திரையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். ஜெபம் பண்ணிவிட்டுப் போடலாமா கண்ணு என்று கேட்டார். தாராளமாகப் பண்ணுங்கம்மா, தண்ணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பண்ணுங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வரக் கூச்சமாக இருக்கிறவர்கள் 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. கட்டணம் இல்லை, இராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். நம்பரைச் சபையின் அறிவிப்புப் பலகையில், ஆராதனை நேரம் எழுதியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.